எந்த நிறுத்தத்தில் பேருந்து ஏறுகிறார்கள்? வட அயர்லாந்தில் உறவை அளக்கும் வழிகள்

1967-68 குளிர்காலத்தில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், மேற்குப் பக்கத்தில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. நடத்தியவர் ஃபிரெட் போல் என்ற புவியியலாளர். ஃபால்ஸ் சாலையை ஒட்டிய குளோனார்ட் பகுதியில் கிட்டத்தட்ட எல்லாருமே கத்தோலிக்கர். ஷாங்க்கில் சாலைப் பக்கம் கிட்டத்தட்ட எல்லாருமே புராட்டஸ்டன்ட்கள். முன்னவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்தோடு சேர விரும்புபவர்கள், பின்னவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனோடு இருக்க விரும்புபவர்கள். நடுவே கூப்பர் தெரு. அவர் கேட்டவற்றில் பல அன்றாடக் கேள்விகள்: சாமான் எங்கே வாங்குகிறீர்கள், எந்த நாளிதழ் படிக்கிறீர்கள், யார் வீட்டுக்குப் போய்வருகிறீர்கள், நகரத்துக்குப் போக எங்கே பேருந்து ஏறுகிறீர்கள். பதில்களை வரைபடத்தில் கோடுகளாக இழுத்தால், இரு பக்கக் கோடுகளும் கூப்பர் தெருவரை வந்து திரும்பிவிட்டன. பக்கத்திலேயே ஒரு நிறுத்தம் இருந்தாலும், அது எதிர்ப்பக்கத்தார் பகுதியில் இருந்தால் மக்கள் அதற்குப் போகவில்லை.

அப்போது அங்கே சுவர் கிடையாது. 1969 ஆகஸ்டில் இரு தரப்புக் கலவரத்தில் குளோனார்டின் பாம்பே தெரு தீக்கிரையானது. செப்டம்பரில் ராணுவம் கூப்பர் தெரு நெடுக முள்வேலி போட்டது. சில நாள் ஏற்பாடு என்றார்கள். அது இரும்பாகி, கான்கிரீட்டாகி இன்றும் நிற்கிறது.

இந்தக் கணக்கெடுப்பை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. பிளவுண்ட ஊரில் உறவு எப்படி இருக்கிறது என்று அறிய இன்று பல அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள் அல்லர். ஒரு வட்டார மன்றத்தில் நல்லுறவுத் திட்டத்தைக் கவனிக்கும் அலுவலர், இரு பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக் கால்பந்து ஆடவைக்கும் சிறு அமைப்பு, பணம் கொடுக்கும் அறக்கட்டளை. மூன்று ஆண்டு வேலைக்குப் பிறகு 'உறவு மேம்பட்டதா?' என்ற கேள்வி அவர்களிடம்தான் வரும். தவறான அளவுகோலை எடுத்தால் நல்ல வேலை தோற்றதாகத் தெரியும். வெறும் வேலை வென்றதாகத் தெரியும். அந்தத் தேர்வை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நேரடியாகக் கேட்டுவிடலாமே

எளிய வழி கருத்துக்கணிப்பு. வட அயர்லாந்துக்கு இதில் நீண்ட மரபு இருக்கிறது. 1989-இல் தொடங்கிய சமூக மனப்பான்மை ஆய்வின் இடத்தை 1998-இல் 'வாழ்வும் காலமும்' ஆய்வு எடுத்துக்கொண்டது. குவீன்ஸ், அல்ஸ்டர் என்ற இரு பல்கலைக்கழகங்களும் கூட்டாக நடத்தும் ஆர்க் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்று, பதினாறு வயதினருக்கு ஒன்று எனத் தனிக் கணிப்புகளும் உண்டு. மையக் கேள்வி மாறாமல் தொடர்கிறது: ஐந்தாண்டுக்கு முன்பு இருந்ததைவிட இன்று புராட்டஸ்டன்ட் - கத்தோலிக்கர் உறவு மேலா, அப்படியேவா, மோசமா?

ஒரே சொற்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்கப்பட்ட கேள்வி பெரிய சொத்து. 1989-இல் 'மேல்' என்றவர்கள் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். ஆயுத மோதலை முடிவுக்குக் கொண்டுவந்த பெல்ஃபாஸ்ட் உடன்பாடு கையெழுத்தான 1998-இல் ஏறக்குறையப் பாதிப்பேர். 2001-இல் வட பெல்ஃபாஸ்டின் ஆர்டாயினில் ஹோலி கிராஸ் என்ற கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிக்குப் போன சிறுமிகளை வழிமறித்து ஆர்ப்பாட்டம் நடந்த காலத்தில் எண்ணிக்கை சரிந்தது. இரு தரப்பும் சேர்ந்து ஆட்சி அமைத்த 2007-இல் மூன்றில் இருவரை எட்டியது. 2012 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட் நகர மன்றக் கட்டடத்தில் பிரிட்டிஷ் கொடியை ஆண்டு முழுதும் பறக்கவிடுவதில்லை, குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஏற்றுவது என்று முடிவெடுத்தார்கள். அதைத் தொடர்ந்த தெருப் போராட்டங்களுக்குப் பிறகு 2013-இல் மறுபடி இறங்கியது.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். அது செய்தித்தாளோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. மக்கள் தம் அண்டை வீட்டாரை மனத்தில் வைத்துப் பதில் சொல்வதாகத் தெரியவில்லை. நாடு எப்படிப் போகிறது என்பதைச் சொல்கிறார்கள். அதே ஆய்வில் இன்னொரு கேள்வி உண்டு: மக்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார்கள் என்பதில் இங்கே மதம் எப்போதும் ஒரு காரணமாகவே இருக்குமா? அதற்கு 'ஆம்' என்பவர்கள் நல்ல ஆண்டுகளிலும் பெரும்பான்மையே. 'உறவு மேம்பட்டது' என்று சொன்ன அதே வாய் இதையும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர் பாதி உண்மையோடு வீடு திரும்புவார்.

அடுத்த சிக்கல், பண்பட்ட பதில். வாசலில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம் 'அவர்களோடு எனக்கு ஒத்துவராது' என்று யாரும் சட்டெனச் சொல்வதில்லை. எல்லாரும் கலந்து வாழும் பகுதியில் குடியிருக்கவே விருப்பம் என்று பத்தில் ஏழெட்டுப் பேர் சொல்கிறார்கள். ஆனால் பெல்ஃபாஸ்டில் அரசு வாடகை வீடுகளில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரு தரப்பார் மட்டுமே வாழும் குடியிருப்புகளில்தான் இருக்கின்றன. ஒன்றுபட்ட அயர்லாந்தைக் கேட்கும் சின் ஃபெய்ன் கட்சிக்கு வாக்களிப்போம் என்று கணிப்பில் சொன்னவர்கள், வாக்குப்பெட்டியில் விழுந்த வாக்குகளைவிடக் குறைவாகவே இருந்துவந்தார்கள். சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். விருப்பம் உண்மையாக இருக்கலாம். பயமும் உண்மையாக இருக்கலாம். எண்ணால் அளப்பவர் அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

கேட்கும் விதம் மாறினால் பதிலும் மாறும். 2020-இல் கோவிட் வந்ததும் நேர்முகப் பேட்டி நின்று, இணையமும் தொலைபேசியும் வந்தன. ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பதிலும் திரையைப் பார்த்துச் சொல்லும் பதிலும் ஒன்றல்ல. 2019-க்கு முன்பும் 2020-க்குப் பின்பும் உள்ள எண்களை ஒரே கோட்டில் இணைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சிறு அமைப்புகளுக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. சுமார் 1,200 பேரைக் கேட்கும் ஆய்வு, 19 லட்சம் மக்களைப் பற்றிப் பேச வல்லது. 5,000 பேர் வாழும் உங்கள் பகுதியில் அந்த ஆய்வில் சிக்கியவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம். நாட்டின் எண்ணை எடுத்துத் தெருவின் வேலையை மதிப்பிடுவது, மாவட்ட மழையளவை வைத்து ஒருவருடைய கிணற்றில் நீர் எவ்வளவு என்று சொல்வதைப் போன்றது.

எவ்வளவு அருகில் விடுவீர்கள்

நேரடிக் கேள்வியின் குறையைப் போக்க உளவியலாளர்கள் வேறு வழி கண்டார்கள். அமெரிக்காவில் எமரி போகார்டஸ் 1920-களிலேயே ஓர் ஏணியை வடித்தார்: அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் நாட்டில் இருக்கலாமா, தெருவில் இருக்கலாமா, நண்பராகலாமா, சம்பந்தியாகலாமா? வட அயர்லாந்தில் இதே வகைக் கேள்வி, நெருங்கிய உறவினர் ஒருவர் மற்ற மதத்தாரை மணந்தால் உங்களுக்கு வருத்தமா என்பது. கல்யாணப் பேச்சு வந்தால்தான் மனத்தில் உள்ளது வெளியே வரும் என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட் கேர்ன்ஸும் ஆக்ஸ்ஃபோர்டின் மைல்ஸ் ஹியூஸ்டோனும் பல ஆண்டுகள் இன்னும் நுட்பமாக அளந்தார்கள். மற்ற தரப்பில் எத்தனை நண்பர்கள், அவர்கள் நடுவே தனியாக மாட்டிக்கொண்டால் எவ்வளவு பதற்றம், எவ்வளவு நம்பிக்கை, வெப்பமானிபோல் 0 முதல் 100 வரை எவ்வளவு கதகதப்பு. எனக்கு இவற்றில் மதிப்பு மிகுந்தது பதற்றக் கேள்வி. 'அவர்களைப் பிடிக்குமா' என்றால் மரியாதைக்காகப் பிடிக்கும் என்பார்கள். 'அவர்கள் மட்டுமே இருக்கும் அறையில் நீங்கள் ஒருவராக இருந்தால் எப்படி உணர்வீர்கள்' என்றால் கூச்சமில்லாமல் உண்மை வருகிறது; பதற்றப்படுவதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. இது மலிவானது, இருபது பேர் உள்ள குழுவிலும் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்கலாம். நிகழ்ச்சி முடிந்த மாலையிலேயே கேட்டால் மட்டும் எண் பொய்யாகப் பூரிக்கும். ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள்.

எங்கே குடியிருக்கிறார்கள்

மனத்தைக் கேட்பதை விட்டுவிட்டு வீட்டைப் பார்க்கலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கு எல்லாரையும் எண்ணுகிறது. மாதிரிப் பிழை இல்லை. ஆனால் அந்த எண்ணும் அரசியலுக்கு வெளியே இல்லை. 1981-இல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கைதிகளின் சிறைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது பலர் கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். டெரி நகரில் கணக்கெடுக்கப் போன இளம்பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். மதம் இல்லை என்பவர்கள் பெருகியதால், 2001 முதல் 'எந்த மதத்தில் வளர்க்கப்பட்டீர்கள்' என்றும் கேட்டார்கள். அந்தக் கணக்கில் 2021-இல் கத்தோலிக்கப் பின்னணியினர் 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் முதலான பிற கிறிஸ்தவப் பின்னணியினர் 43.5 சதவீதம். மாநிலம் உருவான 1921 முதல் கத்தோலிக்கர் தரப்பு முன்னே வந்தது அதுவே முதல்முறை.

இதிலிருந்து கலப்பை எப்படிக் கணக்கிடுவது? இரண்டு வழிகள் பரவலாக உண்டு, இரண்டும் வெவ்வேறு கதை சொல்லும். ஓர் ஊரில் இரண்டே பகுதிகள் என்று வையுங்கள். முதல் பகுதியில் 80 கத்தோலிக்கர், 20 புராட்டஸ்டன்ட்கள், இரண்டாவதில் தலைகீழ். பிரிவினைக் குறியீடு 0.6. அதாவது இரு பகுதிகளும் ஒரே அளவு கலப்பாக வேண்டுமானால் ஒரு தரப்பில் நூற்றுக்கு அறுபது பேர் வீடு மாற வேண்டும். இப்போது ஒவ்வொரு பகுதிக்கும் போலந்திலிருந்தோ லித்துவேனியாவிலிருந்தோ ஐம்பது பேர் குடிவருகிறார்கள். பிரிவினைக் குறியீடு அதே 0.6. ஆனால் ஒரு கத்தோலிக்கரின் அண்டை வீட்டாரைக் குலுக்கல் முறையில் எடுத்தால் அவரும் கத்தோலிக்கராக இருக்கும் வாய்ப்பு 68 சதவீதத்திலிருந்து 45-க்கு இறங்கிவிடும். பழைய இரு தரப்பாரில் ஒருவர்கூட இடம் மாறவில்லை, ஒருவரோடு ஒருவர் பேசவும் இல்லை; எண் மட்டும் அழகாகிவிட்டது. ஆகவே யாராவது 'பிரிவினை குறைந்தது' என்று அறிக்கை நீட்டினால், எந்தக் குறியீடு என்று கேளுங்கள்.

பொதுப் போக்கு இது: 1971 முதல் 1991 வரை குடியிருப்புப் பிரிவினை கூடியது, அடுத்த பத்தாண்டில் அப்படியே நின்றது, 2001-2011 காலத்தில் சற்றுக் குறைந்தது. நாடு தழுவிய திட்டத்துக்கு இந்தக் கணக்கு அவசியம். மூன்று ஆண்டுத் திட்டத்துக்குப் பயன்படாது. அடுத்த கணக்கெடுப்பு வரும்போது உங்கள் திட்டமே இருக்காது.

வேலையிடத்தைப் பொறுத்தவரை, உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத தரவு இங்கே இருக்கிறது. 1989-இன் நியாயமான வேலைவாய்ப்புச் சட்டம் தொடங்கிவைத்த முறைப்படி, பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் ஊழியர்களின் தரப்பை ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். ஊழியர் சொல்ல மறுத்தால் படித்த பள்ளி போன்ற தடயங்களிலிருந்து ஊகித்துப் பதியவும் சட்டம் இடம் தருகிறது. பெயர், பள்ளி, ஆடும் விளையாட்டு, ஏன், ஹெச் என்ற எழுத்தை 'ஏச்' என்கிறாரா 'ஹேச்' என்கிறாரா என்பதை வைத்தே எதிராளி எந்தத் தரப்பு என்று அங்குள்ளவர்கள் கணித்துவிடுவார்கள். அந்தத் தெருப் பழக்கத்தில் ஒரு பங்கு சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. ஊழியர்களில் 1990-இல் சுமார் 35 சதவீதமாக இருந்த கத்தோலிக்கர் பங்கு இன்று ஏறக்குறையப் பாதி. பெரும் சாதனை இது. ஆனால் இது நீதியின் அளவு. பக்கத்து மேசைக்காரரோடு மதிய உணவு உண்கிறாரா என்பதை அது சொல்லாது.

காவல்துறைக் கணக்கும் சுவர்க் கணக்கும்

2000-களின் நடுப்பகுதி முதல் காவல்துறை, மதப்பிரிவுப் பகையால் நேர்ந்த சம்பவங்களைத் தனியே பதிந்து வெளியிடுகிறது. வட்டார அளவில், ஒவ்வோர் ஆண்டும், காசில்லாமல் கிடைப்பதால் திட்ட அலுவலர்கள் பலர் இதையே வெற்றிக் குறியாக எழுதிவிடுகிறார்கள். இதைத்தான் நான் வன்மையாக எதிர்ப்பேன். சம்பவம் என்பது பாதிக்கப்பட்டவரோ பார்த்தவரோ அப்படி உணர்ந்து புகார் கொடுத்தால் பதிவாவது. சின் ஃபெய்ன் காவல்துறையை ஏற்றுக்கொண்டதே 2007 ஜனவரியில்தான். அதுவரை அந்தக் கட்சியை ஆதரிக்கும் குடியரசுவாதிகள் நிறைந்த தெருக்களில் எத்தனை பேர் காவலரைக் கூப்பிட்டிருப்பார்கள்? புகார் கூடினால், பகை கூடியது என்றும் பொருள் கொள்ளலாம், காவலர்மேல் நம்பிக்கை கூடியது என்றும் பொருள் கொள்ளலாம். இன்னொன்று: சந்திப்பே இல்லாத இடத்தில் சண்டையும் இராது. உயரமான சுவர் கட்டினால் இந்த எண் குறையும். பிரித்துவைத்ததற்குப் பரிசு தரும் அளவுகோல் எப்படி நல்லுறவின் அளவுகோலாகும்?

சுவர்களை எண்ணலாமே என்பார்கள். 2013-இல் அரசு, 2023-க்குள் இரு தரப்பையும் பிரிக்கும் எல்லாச் சுவர்களையும் அகற்றுவதாக உறுதி சொன்னது. நீதித்துறை அமைச்சகத்தின் அன்றைய கணக்கில் 59. முந்தைய ஆண்டு பெல்ஃபாஸ்ட் இன்டர்ஃபேஸ் புராஜெக்ட் என்ற அமைப்பு அந்த நகரில் மட்டும் 99 தடுப்புகளை எண்ணியிருந்தது. முன்னது தனக்குச் சொந்தமானவற்றை எண்ணுகிறது. பின்னது பிரிக்கும் வேலையைச் செய்யும் வேலிகள், கதவுகள் எல்லாவற்றையும் எண்ணுகிறது. 2023 வந்து போய்விட்டது. பெரும்பாலான சுவர்கள் நிற்கின்றன.

கால் போகும் இடம்

ஃபிரெட் போலின் வரைபடங்களுக்குத் திரும்புகிறேன். அண்மைக் காலத்தில் அதே சிந்தனையை வட பெல்ஃபாஸ்டில் புதுக் கருவியோடு செய்து பார்த்தார்கள். சம்மதித்தவர்களின் கைபேசியில் ஒரு செயலி, ஓரிரு வாரம் அவர்கள் போன வழியையெல்லாம் பதிந்தது. பலர் மற்ற தரப்பின் குடியிருப்புத் தெருக்களில் கால் வைப்பதே அரிது. போனால் பெரும் சாலை வழியாகத்தான். இத்தனைக்கும் இவர்களில் பலர் கருத்துக்கணிப்பில் 'கலந்து வாழ விருப்பம்' என்றே சொல்லக்கூடியவர்கள்.

என் தீர்ப்பு இந்தப் பக்கம்தான். நகரின் ஒரு பகுதியில் வேலை செய்பவருக்கு, நடமாட்டமே முதல் அளவுகோலாக இருக்க வேண்டும். செயலி வேண்டாம், அந்தத் தரவு தவறான கையில் சிக்கினால் ஆபத்து, செலவும் அதிகம். ஃபிரெட் போல் கேட்டதைப் போன்ற காகிதக் கேள்விகள் போதும். கடைசியாக எந்த மருந்துக்கடைக்குப் போனீர்கள், பிள்ளை எந்த மைதானத்தில் ஆடினான், எந்த டாக்சி நிறுவனத்தைக் கூப்பிட்டீர்கள், எந்த நிறுத்தத்தில் ஏறினீர்கள். 'வழக்கமாக' என்று கேட்காதீர்கள். 'கடைசியாக' என்று கேளுங்கள். வழக்கம் என்றால் ஆசையைச் சொல்வார்கள். கடைசி முறை என்றால் நடந்ததைச் சொல்வார்கள்.

வட பெல்ஃபாஸ்டில் அலெக்சாண்ட்ரா பூங்கா என்று ஒன்று உண்டு. 1994-இல், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. அமைப்பு போர்நிறுத்தம் அறிவித்த நேரத்தில், அந்தப் பூங்காவின் நடுவே இரும்புச் சுவர் எழுப்பினார்கள். ஒரே புல்வெளி, இரண்டு பூங்கா. 2011-இல் சுவரில் ஒரு கதவு வைத்துப் பகலில் திறந்துவிட்டார்கள். அங்கே ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பள்ளி விட்ட நேரத்தில் கதவைக் கடக்கும் சீருடைகளை எண்ணினால், எந்தப் பள்ளி எந்தத் தரப்பு என்பது ஊருக்கே தெரியும் என்பதால், ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை நான் பெரும் அறிக்கைகளைவிட அதிகம் நம்புவேன்.

இதற்கும் குறை உண்டு. மறுபக்கக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகவே ஒருவர் கடந்து போகலாம், அது நட்பல்ல. தம் பக்கத்திலேயே எல்லாம் இருப்பவர் பகையில்லாமலும் கடக்காமல் இருக்கலாம். அதனால்தான் இதோடு பதற்றக் கேள்வியைச் சேர்க்கச் சொல்கிறேன். கால் கடக்கிறது, பதற்றமும் இறங்குகிறது என்றால் உறவு மாறுகிறது. கால் கடக்கிறது, பதற்றம் அப்படியே என்றால் தேவை இழுத்துப் போகிறது. பதற்றம் இறங்கியும் கால் கடக்கவில்லை என்றால் சுவரையோ பேருந்துத் தடத்தையோ போய்ப் பாருங்கள். குறை மனத்தில் இல்லை.

வாழ்வும் காலமும் ஆய்வின் அந்த ஐந்தாண்டுக் கேள்வியையும், ஒரு சொல்லும் மாற்றாமல், கடைசியில் சேருங்கள். உங்கள் திட்டத்தை மதிப்பிட அல்ல. அந்த ஆண்டு நாடு முழுதும் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று தெரிந்துகொள்ள. நாட்டில் எண் சரிந்த ஆண்டில் உங்கள் தெருவில் நடமாட்டம் குறையாமல் நின்றிருந்தால், அதுவே பெரிய செய்தி.

எந்த அளவை எடுத்தாலும் இரு தரப்புக்கும் எண்களைத் தனித்தனியே காட்டுங்கள். உடன்பாட்டை அடுத்த ஆண்டுகளில் கத்தோலிக்கரிடம் இருந்த நம்பிக்கை புராட்டஸ்டன்ட்களிடம் இல்லை. சராசரி அதை மூடிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் கடந்து வருகிற கதவு, இரு பக்கமும் கடக்கிற கதவு ஆகாது.

ஜூலையில் மட்டும் அளக்காதீர்கள். 11-ஆம் தேதி இரவு புராட்டஸ்டன்ட்கள் கொளுத்தும் சொக்கப்பனைகளுக்கும் 12-ஆம் தேதி அவர்களுடைய ஆரஞ்சு அணிவகுப்புக்கும் நடுவே யாரும் வழக்கம்போல் நடமாடுவதில்லை. பலர் ஊரைவிட்டே போய்விடுவார்கள். பள்ளி திறந்து சில வாரம் கழித்து, அக்டோபரில், ஒவ்வோர் ஆண்டும் அதே வாரத்தில் எண்ணுங்கள்.